எண்பதில் விழாத குண்டு

குண்டு தரையில் விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது, ஆனால் கார்பன் தாளுக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைத்தாளில் புள்ளியைக் காணோம். தவசிமுத்து குனிந்து இரண்டாம் தடவையும் தாளைத் தூக்கிப் பார்த்தார். அலம்பிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. கார்பன் மட்டமான சரக்கு, பயிற்சிக்கென்று வாங்குவதில் எது ஒழுங்காக வந்திருக்கிறது என்று முனகிக்கொண்டே நகத்தால் அதன்மேல் ஒரு கீறு கீறினார். கீறல் அடித்தாளில் கறுப்பாக, அழுத்தமாகப் பதிந்தது. கார்பன் நல்ல கார்பன்தான். அப்படியானால் குண்டு எங்கே விழுந்து தொலைத்தது. மேசைமேல் புத்தகங்களை அடுக்கி, வயரிங் வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் கேசிங்கை அதில் சாய்த்து, கீழ்முனையை மேசை விளிம்பில் மட்டமாக ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து பேரிங் குண்டை விட்டால் உருண்டு வந்து, விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து, தரையில் விழ வேண்டும். விழுந்த இடத்தைக் கார்பன் காட்டிக்கொடுக்க வேண்டும். சரிவின் உயரம் இருபது சென்டிமீட்டர், மேசையின் உயரம் எண்பது. இரண்டையும் பெருக்கு, வர்க்கமூலம் எடு, இரண்டால் பெருக்கு, எண்பது. முப்பத்து மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்கு. அதனால்தான் கார்பனை எண்பதாவது சென்டிமீட்டரில் வைத்திருந்தார். வைத்த இடத்தில் விழாதது குண்டின் குற்றமே தவிர அவர் குற்றம் அல்ல. பெஞ்சுக்கு அடியில் ஓடிப்போன குண்டைப் பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். சில்லென்று இருந்தது. இதை எறிந்தால் எதிர்ச்சுவரில் தொங்கும் புரொஜெக்டர் திரை கிழியும், திரைக்கு முன்னால் நிற்கிற அந்தப் பெண் ஒரு நொடியாவது வாயை மூடுவாள் என்று கை நினைத்தது. அவர் நினைக்கவில்லை, கைதான் நினைத்தது. வலது தோளில் பழைய எலும்பு முறுக்கிக்கொண்டு வலித்தது. அந்தக் கை இருபத்திரண்டு வருடமாகக் காதுக்கு மேலே போனதில்லை.

அந்தப் பெண் ரிஸ்வானா. முப்பது வயது இருந்தால் அதிகம். மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர்கள் நாற்பது பேரை ஓர் அரசுப் பள்ளி ஆய்வகத்தில் மூன்று நாள் அடைத்துவைத்து, வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டே சோதனை செய்யவைப்பது எப்படி என்று பழக்குவதற்கு வந்தவள். இன்று இரண்டாவது நாள். நேற்றுக் காலையிலேயே சட்டம் போட்டுவிட்டாள். "பென்சில் வேண்டாம், ரப்பர் வேண்டாம், பேனா மட்டும். தப்பா வந்த ரீடிங்கை அடிக்கக் கூடாது. யாரும் விடையைச் சொல்லக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் பக்கத்துல இருக்கிறவங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எப்படித் தெரியும்?" எப்படித் தெரியும். எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவனைப் பார்த்து எப்படித் தெரியும். அவருக்கு எல்லாம் துண்டறிக்கையில் தெரியும். கல்லூரி அவருக்கு டிகிரி கொடுத்தது, அறிவைக் கொடுத்தது நாலு பக்கத் துண்டறிக்கைகள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியதையும் விடாமல் படித்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொண்டார். யார் தின்கிறான், யார் பட்டினி, எவன் கையில் லத்தி, எவன் முதுகில் தழும்பு. பிறகு தானே எழுதினார். எழுபதுக்கு மேல் எழுதிய கை இது. இந்தக் கை எழுதி ஒரு கல்வி அதிகாரியை மாவட்டம் மாற்றியிருக்கிறது. ஒரு சஸ்பெண்ட் உத்தரவைக் கிழிக்கவைத்திருக்கிறது. இந்தக் கைக்கு இப்போது கோலிக்குண்டு விளையாட்டு. பக்கத்தில் நின்ற ஜெபராஜ் காதருகே வந்தான். அவனுக்கு வயது நாற்பத்தைந்து, எதிர்ச் சங்கத்துக்காரன், ஆனால் வாய்க்கு ருசியான ஆள். "தலைவரே, நியூட்டன் செத்து முந்நூறு வருசம் ஆச்சி. இன்னும் நம்மள நிம்மதியா விடமாட்டேங்கான்." "குண்டு எங்கல விழுந்துச்சி?" "எங்க விழுந்தா என்ன. எங்க விழணும்னு நமக்குத் தெரியும்லா. எழுதும், டீ வந்துட்டு." அதுவும் சரிதான். எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தபிறகு எங்கே விழுந்தது என்று பார்ப்பவன் மடையன்.

அவர் எழுதினார். பேனாவால், பெரிய எழுத்தில். தாளில் இரண்டு பத்தி அச்சடித்திருந்தது: எதிர்பார்த்த தூரம், விழுந்த தூரம். முதல் பத்தியில் ஐந்து எண்பது. இரண்டாம் பத்தியில் 79.6, 80.2, 79.9, 80.1, 79.8. ரீடிங்கைச் சமைப்பது என்றால் அதற்கும் கைப்பக்குவம் உண்டு. ஐந்தும் எண்பது என்று எழுதுகிறவன் புதுசு, கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து எழுதுகிறவன்தான் வாத்தியார். பிராக்டிகல் நோட்டில் இப்படி எழுதாத பையனே இந்த மாநிலத்தில் கிடையாது. அவரும் அப்படித்தான் பாஸ் பண்ணினார், அவரிடம் படித்தவனும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பையன்கள் உண்மையாகவே அளந்து, ஒழுங்கில்லாத எண்களைக் கொண்டுவருவார்கள். புறங்கையைத் திருப்பச் சொல்லி மர ஸ்கேலின் விளிம்பால் போடுவார். கணுவில் தோல் பிளந்து முத்து முத்தாக ரத்தம் வரும். இசக்கிப்பாண்டி என்று ஒருவன், அழாமல் முறைத்துக்கொண்டு நின்றான், முறைக்கிறாயாலே என்று மறுகையிலும் விழுந்தது. மறுநாள் அத்தனை பேரும் சரியான ரீடிங் கொண்டுவந்தார்கள். அடித்தால் உண்மை வராது, விடை வரும். இதை அவர் ஒரு துண்டறிக்கையில்கூட எழுதியிருக்கிறார், போலீஸைப் பற்றி, விசாரணைக்கு வந்த அதிகாரியைப் பற்றி: விடையை முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் சாட்சி கேட்கிறார்கள் என்று. நல்ல வரி. மேடையில் அந்த வரிக்குக் கைதட்டு விழுந்தது. கைதட்டு சடசடவென்று, ஓட்டுக்கூரையில் கல்மாரி மாதிரி, இல்லை, கல் அப்படி விழாது, கல் ஒரே ஒரு சத்தம்தான் போடும், மொத்தென்று, அதுவும் ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் அதை ஒருவன்தான் கேட்பான். ரிஸ்வானா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். தாளை எடுத்துப் பார்த்தாள். "ரொம்ப அழகான ரீடிங் சார்." குரலில் கிண்டல் இல்லை, அதுதான் உறைத்தது. "உங்க வெள்ளைத்தாளைக் குடுங்க, புள்ளியைப் பார்ப்போம்." வெள்ளைத்தாளில் அவர் நகக்கீறல் ஒன்று மட்டும் இருந்தது. ஜெபராஜ் டீ கிளாஸுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டான். "அஞ்சு தடவை விழுந்த குண்டு ஒரு புள்ளிகூட வைக்கலையே சார்." "கார்பன் சரியில்ல." "எப்படித் தெரியும்?"

மேசையைக் கவிழ்த்திருக்கலாம். பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் கவிழ்த்திருப்பார், மேசை கவிழும், கண்ணாடிக் குடுவைகள் உடையும், தரையெல்லாம் சில்லு, வெளிநடப்பு, மறுநாள் சுவரொட்டி. மூத்த ஆசிரியரை அவமதித்த பயிற்சியாளரைக் கண்டிக்கிறோம். தலைப்பு மனதுக்குள் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அவள் தாளைக் கிழிக்காமல், அடிக்காமல், மேசைமேலேயே வைத்தாள். "இது இருக்கட்டும். இது நீங்க எதிர்பார்த்தது. வகுப்புல பசங்களும் இதைத்தான் பண்ணுவாங்க, அவங்களைத் திட்டாம எப்படித் திரும்ப அளக்க வைக்கிறதுன்னு நாமதான் பழகணும். இப்ப விழுறதைப் பார்ப்போம் சார், இன்னொரு தாள் தரேன். சொர்ணம்மா, நாலாவது குழுவுக்கு நீளத்தாள் கொண்டுவாங்க." அந்தப் பெயரைக் கேட்டதும் தவசிமுத்துவின் கை குண்டை விட்டது. குண்டு மேசைமேல் உருண்டது. நேற்றிலிருந்து அவர் ஆய்வகத்தின் கடைசி அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. அங்கே நிற்பவள் இந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர் சொர்ணம், பிச்சைக்கனியின் மனைவி. பிச்சைக்கனி அவரோடு ஒரே பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன், ஒரே சைக்கிளில் சங்கக் கூட்டத்துக்குப் போனவன், வேலைநிறுத்தத்தில் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் மண்டை உடைந்து செத்தவன். சொர்ணத்துக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது தவசிமுத்துதான். வேலைநிறுத்தத்தில் செத்தவன் குடும்பத்துக்கு வேலை கிடையாது என்றார்கள். பதினாலு மாதம், ஒன்பது தர்ணா, இரண்டு தடவை ஜெயில். அந்தப் பெருமையை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. வருடாவருடம் நினைவுநாளில் படத்துக்கு மாலை போட்டு அவர்தான் பேசுவார். அவள் வருவாள், கடைசி நாற்காலியில் உட்காருவாள், அவர் பேச்சு அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவாள். எந்த இடம் என்று அவருக்கும் தெரியும்.

பின்மண்டை. டாக்டர் எழுதிக்கொடுத்தது அதுதான், பின்மண்டையில் மழுங்கிய கனமான பொருளால் ஏற்பட்ட காயம். போலீஸ் முன்னால் மட்டும்தான் நின்றது, ரோட்டின் குறுக்கே வரிசையாக, ஊரே பார்த்தது. பக்கத்தில் சந்து கிடையாது, பின்னால் போலீஸ் கிடையாது. முன்னால் நிற்கிற லத்தி பின்மண்டையில் எப்படி விழும்? துண்டறிக்கை அன்று ராத்திரிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். விடை தெரியும்: லத்தி. லத்திதான் கொன்றது. இல்லையென்றால் இயக்கம் செத்தது, டிஸ்மிஸ் ஆனவர்களுக்கு வேலை செத்தது. விடையிலிருந்து பின்னால் நடந்து வந்தார். திரும்பிய தோழரின் பின்தலையில் கோழைத்தனமாகத் தாக்கினார்கள் என்று எழுதினார். திரும்பிய. ஒரே ஒரு சொல். பத்தாயிரம் பிரதி. அந்தச் சொல்லை எதிரிகள்தான் முதலில் ஒழுங்காகப் படித்தார்கள். ஏன் திரும்பினான்? ஓடுகிறவனுக்குத்தானே பின்மண்டையில் அடி விழும். டீக்கடையில் பேர் வைத்தார்கள், பின்மண்டை வாத்தியார். செத்தவனுக்குப் பட்டப்பேர். பிச்சைக்கனியின் மகன் பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைச் சொன்ன ஒருவனின் பல்லை உடைத்தான், பதிலுக்கு அவன் புருவம் கிழிந்தது, ஆறு தையல். பிறகு அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு கிழவர், போலீஸைக் கண்டு மிரண்டவர் சம்பந்தமா என்று சிரித்துக்கொண்டே கேட்டதாகச் சொர்ணம் யாரிடமோ சொல்லி, அந்த யாரோ அவரிடம் சொன்னார்கள். அவர் அதற்கு என்ன செய்ய முடியும். மறுத்து ஒரு துண்டறிக்கை எழுதினார், ஓடியது யார் என்ற தலைப்பில், அதில் அரசாங்கம்தான் ஓடியது என்று முடித்தார். கைதட்டு.

சொர்ணம் நீளத்தாளோடு வந்துவிட்டாள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலிக்காரி, காக்கிச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு மேசை ஓரத்திலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் நாலு கார்பனை வரிசையாகப் பரத்தி ஒட்டினாள். "நல்லாருக்கியளா அண்ணாச்சி. நேத்தே பாத்தேன். கூட்டமா இருந்திய." "இருக்கேன் தாயி." "விடுங்க, நான் அளந்து சொல்லுதேன். உங்களுக்குக் குனிய முடியாதுல்லா." அவர் விட்டார். குண்டு உருண்டது, பாய்ந்தது, டொக். அவள் கார்பனைத் தூக்கினாள். எண்பது வரும், வந்தே தீரும், அந்தப் பெண் முகத்தில் இந்தத் தாளை வீசலாம். "அறுபத்தஞ்சு புள்ளி ரெண்டு." "சரியாப் பாரு." "சரியாத்தான் பாக்கேன்." மறுபடி விட்டார். அறுபத்து நாலு புள்ளி எட்டு. குட்டையாக விழுகிறது. மறுபடி. அறுபத்தைந்து. ஜெபராஜ் எட்டிப் பார்த்து, "தலைவரே, குண்டும் எதிர்ச் சங்கம் போலிருக்கே" என்றான். ரிஸ்வானா அடுத்த மேசையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாருக்கும் குட்டையாகத்தான் விழும், ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன், குண்டு வரும்போது என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள் என்று. என்ன செய்கிறது. உருள்கிறது. வழுக்கி வரவில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது, கிடைத்த வேகத்தில் ஒரு பங்கைச் சுற்றுவதற்கே செலவழித்துவிடுகிறது, மிச்சத்தில்தான் பாய்கிறது. முப்பத்து மூன்று வருடம் இது அவருக்குத் தோன்றவே இல்லை. அவரும் சுற்றித்தான் வந்திருக்கிறார். நாலாவது தடவையும் அதே இடம். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு விரல்நுனிக்குள், கறுத்த குழி மாதிரி, சதையில் விழுந்த குழி மாதிரி. ஒரு தடவை விழுந்தால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். எறிந்தது நான் மட்டும்தானா, வேறு எவனும் எறிந்திருக்க மாட்டானா, புகையில் யாருக்குத் தெரியும் என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொள்ளலாம். வேறு யாரும் எறியவில்லை. ஜல்லிக்குவியல் பக்கம் அவர் மட்டும்தான் நின்றார்.

பதாகைக்கு இரண்டு கம்பு. இடது கம்பு பிச்சைக்கனி கையில், வலது கம்பு அவர் கையில். போலீஸ் வரிசை பத்தடியில் வந்துவிட்டது. லத்தி எலும்பில் இறங்கும்போது மூங்கில் பிளக்கிற சத்தம் வராது, ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம் வரும். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. கை செத்துப்போயிற்று. இரண்டாவது லத்தி ஓங்கியதை அவர் பார்த்தார், லத்தியைப் பிடித்திருந்த கையின் மோதிரத்தைப் பார்த்தார், வாயில் மூத்திரம் மாதிரி ஒரு உப்பு ஊறியது, கம்பைப் போட்டுவிட்டு ஓடினார். முப்பதடி. அதை ஓடினது என்று அவர் தனக்குள்கூடச் சொன்னதில்லை, பின்வாங்கினேன் என்றுதான் சொல்லிக்கொள்வார். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக்குவியலில் கால் இடறித் திரும்பிப் பார்த்தால் பதாகை ஒரு பக்கம் தரையில் கிடக்கிறது, மறுபக்கம் பிச்சைக்கனி ஒரே கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போலீஸைப் பார்த்து நிற்கிறான், முதுகு நேராக, சட்டை வேர்த்து ஒட்டி, அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம். இந்தக் கேள்விக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவன் எப்படித் தெரியும் என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. போலீஸ்மேல்தான். போலீஸ்மேல்தான். இரண்டு கைப்பிடி கனத்தில் ஒரு கருங்கல்லை எடுத்தார், அறுபதடி போனால் வரிசைக்குப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் முகம். கணக்குச் சரி. ஆனால் அடிபட்ட தோள். கை காதுக்கு மேலே போகவில்லை. கல் கையைவிட்டுப் போனதுமே தெரிந்துவிட்டது குட்டை என்று. தள்ளிக்கோல என்று கத்துவதற்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. கத்தினால் பிச்சைக்கனி திரும்புவான், திரும்பினால் இவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். கத்தவில்லை. மொத்தென்று ஒரு சத்தம். அவன் முன்பக்கமாகச் சாய்ந்தான், போலீஸை நோக்கி, கம்பு வயிற்றுக்கு அடியில். ஓடுகிறவன் அந்தப் பக்கம் விழமாட்டான். விழுந்தவன்மேல் அதற்கப்புறம் இரண்டு லத்தி விழுந்தது, அதனால் லத்தியும்தான், லத்தி முதலில் என் தோளை உடைக்காவிட்டால் கல் அறுபதடி போயிருக்கும், ஆகக் கொன்றது லத்திதான், சுற்றி வந்து கொன்றது, சுற்றிச் சுற்றி.

"விடுங்க அண்ணாச்சி, அஞ்சாவது." சொர்ணம் கார்பனைத் திருத்துவதற்காகத் தரையோடு குனிந்திருந்தாள். நரைத்த கொண்டைக்கு மேலே, வகிடு பிரிகிற இடத்தில், அவளுடைய தலை சரியாக அறுபத்தைந்தாவது சென்டிமீட்டருக்கு நேரே இருந்தது. குண்டு சரிவின் உச்சியில், அவர் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில். விரல் நழுவியது, இல்லை, நழுவப்போனது. அவர் அதை அழுத்திப் பிடித்தார். நகம் வெளுத்தது. "தலைய எடு தாயி." அவள் நிமிரவில்லை, சிரித்தாள். "இத்தினிக்காணு குண்டு. பட்டா என்ன ஆவும்." பிறகு, தாளின் மூலையை விரலால் தேய்த்துக்கொண்டே, ஊருக்குப் பழகிப்போன வேடிக்கையைச் சொல்வது மாதிரி சொன்னாள். "பின்மண்டையில பட்டா ஓடினவம்பாவ. அவ்வளவுதான."

மற்ற மேசைகளில் குண்டுகள் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தன. "அவன் ஓடல" என்றார் தவசிமுத்து.

சொர்ணம் இப்போது நிமிர்ந்தாள். "இருபத்திரண்டு வருசமா மைக்கு பிடிச்சிப் பேசுதிய. இந்த ஒரு வார்த்தை வரும் வரும்னு ஒவ்வொரு வருசமும் வந்து உக்காருவேன். பின்னால இருந்து தாக்கினான்னு நீங்க ஆரம்பிச்சதும் எந்திச்சிப் போயிருவேன்." குரல் உயரவில்லை. "இப்ப சொல்லுதிய. எப்படித் தெரியும்?"

அந்தப் பெண்ணின் கேள்வி. நேற்றிலிருந்து நாற்பது பேர் வாயில் புரண்டு தேய்ந்த கேள்வி. இவள் கேட்டபோது அது லத்தி இறங்கிய இடத்திலேயே இறங்கியது. ஓடலாம். கம்பைப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடக்கலாம், முப்பதடிதான் இருக்கும், மூத்த ஆசிரியரை அவமதித்த. "பாத்தேன்" என்றார். "எங்க நின்னு பாத்திய? கூடத்தான் கம்பு பிடிச்சிட்டு நின்னேன்னு எழுதியிருக்கிய." "பின்னால. முப்பதடி பின்னால." அவள் அவரையே பார்த்தாள், அவர் தோளை, தோளிலிருந்து இறங்கிவந்த கையை, கையின் நுனியில் இருந்த குண்டை. "அவிய எங்கிட்டுப் பாத்து நின்னாவ?" "போலீஸப் பாத்து." "போலீஸு எங்கெல்லாம் நின்னுச்சி?" "முன்னால மட்டும்தான்." அவள் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிற பிள்ளையின் உதடு மாதிரி. கணக்கு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் ரத்தம் ஏறவில்லை, இறங்கியது. "உங்க கையில என்ன இருந்துச்சி அண்ணாச்சி?"

"கல்லு."

ஜெபராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அறைவாள் என்று தவசிமுத்து காத்திருந்தார். அறைந்தால் நன்றாக இருக்கும், அடி அவருக்குத் தெரிந்த பாஷை, அடிக்கு ஒரு துண்டறிக்கை உண்டு. கையெட்டும் தூரத்தில்தான் அவள் அளந்த மர ஸ்கேல் கிடந்தது, அவள் விரல்கள் அதன்மேல் மூடிக்கொண்டன, கணுக்கள் புடைத்தன. பிறகு அவள் ஸ்கேலை விட்டாள். மேசைமேல் இருந்த புது ரீடிங் தாளை இழுத்து அவர் முன்னால் வைத்து, சட்டைப்பையிலிருந்த அவர் பேனாவை அவளே உருவி, மூடியைக் கழற்றி நீட்டினாள். "எழுதுங்க."

"தாயி, வேலைக்கு ஏதாவது வந்துரும். உன் வேலைக்கு. லத்தி கொன்னுச்சின்னு சொல்லித்தான வாங்குனேன்."

"எனக்கு இன்னும் எட்டு வருசம் இருக்கு. உங்களுக்கு எட்டு மாசம். யாருக்கு எது போனாலும் போவட்டும். எழுதுங்க. அச்சடிக்கிறது என் பாடு."

அவர் எழுதினார். எழுபது துண்டறிக்கை எழுதிய கை ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. பிச்சைக்கனி ஓடவில்லை. பதாகையின் மறு கம்பைப் போட்டுவிட்டு ஓடியவன் நான். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "கீழயும் எழுதுங்க. எம்புட்டுத் தூரம் போவும்னு எறிஞ்சிய, எம்புட்டுத் தூரம் போச்சி. கட்டம் இருக்குல்லா." கட்டம் இருந்தது. எதிர்பார்த்த தூரம் என்ற பத்தியில் அறுபது அடி என்று எழுதினார். விழுந்த தூரம் என்ற பத்தியில் முப்பது அடி என்று எழுதினார். பேனா அந்த இடத்திலேயே நின்று மை பரவி ஒரு கறுப்புப் புள்ளியாயிற்று, அடிக்கக் கூடாது என்பதால் அவர் அதை அப்படியே விட்டார். கையெழுத்துப் போட்டார்.

"நாலாவது குழு முடிச்சாச்சா?" ரிஸ்வானா திரைப்பக்கத்திலிருந்து கேட்டாள். "இந்த வாட்டி சொந்த ரீடிங்தானே?"

சொர்ணம் முழங்காலில் கையூன்றி எழுந்து, தாளை மடிக்காமல் மை காய ஊதினாள்.

"சொந்தம்தான் மேடம்" என்றாள். "சார் கையால எறிஞ்சது."